மலர் மணத் தொழில்: சேலத்திலும் ஏற்காட்டிலும் தொடங்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மல்லிகை, சம்பங்கி, காப்பிப் பூ என்று நம் பக்கத்துப் பூக்களை மனத்தில் வைத்து, செடிகளிலிருந்து எடுத்த எண்ணெய்களை மட்டும் கலந்து, சிறு குப்பிகளில் வாசனைத் திரவியம் செய்து சேலத்தில் விற்கிறேன். வருகிறவர்களில் ஒரு சாரார் வாங்க வருகிறார்கள், இன்னொரு சாரார் "நாங்களும் இதைத் தொடங்கலாமா?" என்று விசாரிக்க வருகிறார்கள். விசாரிக்க வருகிறவர்கள் கேட்பவையும் என் பதில்களும் கீழே.

சேலத்தில் பூவுக்குப் பஞ்சமே இல்லையே. மார்க்கெட்டில் மல்லிகை வாங்கி நாமே காய்ச்சி எண்ணெய் எடுத்தால் என்ன?

காய்ச்சலாம், எண்ணெய்தான் வராது. மல்லிகை சூடு தாங்காத பூ. அண்டாவில் போட்டு நீராவியில் வடித்தால் வெந்த கீரை வாடையுள்ள தண்ணீர்தான் மிஞ்சும். ஆலைகளில் செய்கிற முறையே வேறு. ஹெக்சேன் என்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கி, மெழுகுப் பதத்தில் 'கான்கிரீட்' எடுக்கிறார்கள். அதை எரிசாராயத்தில் கழுவி மெழுகைப் பிரித்த பிறகு நிற்பதுதான் 'அப்சல்யூட்' என்கிற பூச்சாரம். ஆயிரம் கிலோ பூவுக்கு இரண்டரை, மூன்று கிலோ கான்கிரீட் கிடைக்கும். அதிலும் பாதி அளவுதான் அப்சல்யூட்டாகத் தேறும். ஹெக்சேன் பெட்ரோலுக்கு இணையாகத் தீப்பற்றக்கூடியது. வீட்டு மொட்டை மாடியில் வைத்துச் செய்கிற வேலை இல்லை இது.

பழைய பஸ் நிலையத்தருகே வ.உ.சி. பூ மார்க்கெட்டில் குவிந்து கிடப்பதெல்லாம் நமக்கு உதவும் என்றும் எண்ண வேண்டாம். பனமரத்துப்பட்டிப் பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக வரும் அரளி சாமிக்குச் சரி, நமக்கு ஆகாது. செடி முழுவதும் நஞ்சு. ஓசூர் ரோஜாவை முகர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: நீண்ட காம்பும் வாடாத ஆயுளும் பார்த்து உருவாக்கிய வகைகள் அவை, மணம் பெயரளவுக்குத்தான். மணத்துக்குப் பன்னீர் ரோஜா வேண்டும். அதிலும் ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்று, நான்கு டன் பூ போக வேண்டும். மார்க்கெட்டுக்கு வரும் உதிரிப் பூவில் பூச்சிமருந்து தெளிக்காததைத் தேடிப் பிடிப்பதும் எளிதல்ல. தலையில் வைக்கும் பூவில் அது பெரிதாகத் தெரியாது. பூவின் சாரத்தைப் பிழியும்போது மருந்தும் கூடவே திரண்டு வரும்.

அப்படியானால் மல்லிகைச் சாரத்தை எங்கே வாங்குவது?

தொலைவு போக வேண்டியதில்லை. சத்தியமங்கலம், கோயம்புத்தூர், திண்டுக்கல் வட்டாரங்களில் ஏற்றுமதிக்காகவே பூச்சாரம் எடுக்கும் ஆலைகள் இருக்கின்றன. பெரிய வாசனை நிறுவனங்களுக்குக் கிலோக் கணக்கில் விற்கும் ஆலைகள் நம்முடைய பத்து கிராமுக்கு முகம் கொடுக்காமல் போகலாம். அவர்களிடம் வாங்கிச் சில்லறையாக விற்கும் வியாபாரிகளிடம் போவதுதான் நடைமுறை.

வாங்கும்போது பூவின் வகையைக் கேளுங்கள். குண்டுமல்லியின் சாரமும் ஜாதிமல்லியின் சாரமும் வேறு வேறு. ஜாதிமல்லி பழவாடையோடு கனமாக இருக்கும். குண்டுமல்லியில் பச்சை வாடை கொஞ்சம் தூக்கலாக, நம் மூக்குக்கு 'இது தலைப்பூ' என்று உடனே பிடிபடும். முல்லை மூன்றாவது வகை. நீங்கள் வாங்கும் சரக்குத் தொகுதிக்கான (batch) ஆய்வு அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

காகிதப் பட்டையில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் காலையில் முகர்ந்து பாருங்கள். நல்ல சாரம் மாறியிருக்கும், ஆனால் இருக்கும். உள்ளே லேசான அழுகல் வாடைகூட இருக்கும். அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. மல்லிகையில் இயல்பாகவே இண்டோல் என்ற பொருள் உண்டு, பூவுக்கு ஆழம் கொடுப்பதே அதுதான். முதல் நாள் முதல் கடைசி வரை ஒரே மாதிரி இனிப்பாக மணந்துகொண்டிருப்பதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

வீட்டிலேயே பூவிலிருந்து எதுவுமே செய்ய முடியாதா?

இரண்டு பழைய வழிகள் இருக்கின்றன. இரண்டும் எனக்குப் பிடித்தவை, இரண்டிலும் பெரிய லாபமில்லை.

முதலாவது, கொழுப்பில் மணம் ஏற்றுவது. மல்லிகையும் சம்பங்கியும் பறித்த பிறகும் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும் பூக்கள், அதனால் இந்த முறைக்குத் தோதானவை. குண்டுமல்லியை விடியற்காலையில் மொக்காகப் பறிக்கிறார்கள். காலையில் மார்க்கெட்டில் வாங்கும்போது அதில் பச்சை வாடைதான் இருக்கும். ஈரத்துணி விரித்த மூங்கில் தட்டில் பரப்பி, ஒன்றன்மேல் ஒன்று அழுந்தாமல் நிழலில் வைத்திருங்கள். விளக்கு வைத்த பிறகு மொக்கின் நுனி பிளந்து ஒவ்வொன்றாக மலரத் தொடங்கும். அறையின் மணமே மாறுவது தெரியும். அப்போதுதான் கொழுப்புத் தடவிய கண்ணாடித் தட்டில் பூவைக் கவிழ்த்து வைக்க வேண்டும். காலையில் இதழோரம் பழுப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். விட்டால் பூவின் ஈரம் இறங்கிக் கொழுப்பு புளித்துப்போகும். மறுநாள் புதுப் பூ. இப்படி இரண்டு, மூன்று வாரம் போனால் மணம் ஏறிய களிம்பு கிடைக்கும். தேங்காய் எண்ணெய் 25 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் சேலத்துக்கு அது மட்டும் போதாது, கோகம் வெண்ணெய் (கோகம் பழக் கொட்டையின் கெட்டிக் கொழுப்பு) சேர்த்துக் கெட்டிப்படுத்த வேண்டும்.

இரண்டாவது, எள். உத்தரப் பிரதேசத்தில் கன்னோஜ், ஜான்பூர் பக்கம் தலைமுறைகளாகச் செய்வது. தோல் நீக்கிய எள்ளையும் மல்லிகையையும் அடுக்கடுக்காகப் பரப்பி, வாடிய பூவைச் சலித்தெடுத்துப் புதுப் பூ மாற்றி மாற்றி, எள் போதுமான மணம் ஏறியதும் செக்கில் ஆட்டுவார்கள். நம் ஊரில் மரச்செக்குக்குக் குறைவில்லை. கிடைப்பது தலைக்குத் தேய்க்கும் வாசனை எண்ணெய்தான், குப்பியில் அடைக்கும் செறிவு அதில் வராது. ஆனால் சேலத்தில் அதை வாங்க ஆள் இருக்கிறது.

இரண்டுக்கும் பூ மலிவாகக் கிடைக்கும் காலம் பார்க்க வேண்டும். குண்டுமல்லி பங்குனியிலிருந்து ஆனி வரை கொட்டும். பனிக்காலத்தில் வரத்து சுருங்கி, தை முகூர்த்தங்களில் விலை எகிறும். ஆடியில் கல்யாணம் இல்லாததால் விலை சரியும் என்பது பொதுக் கணக்கு. சேலத்தில் அந்தக் கணக்கு பலிக்காது. ஆடியில்தான் கோட்டை மாரியம்மன் தொடங்கி ஊரிலுள்ள மாரியம்மன் கோயில்களுக்கெல்லாம் பூச்சாட்டு, திருவிழா.

'காப்பிப் பூ மணம்' என்று விற்கிறீர்கள். அதில் காப்பிப் பூவே இல்லையாமே. ஏமாற்று வேலை இல்லையா?

காப்பிப் பூ அதில் இல்லை. அப்படியென்று குப்பியின் அட்டையிலேயே எழுதியிருக்கிறேன்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் மாசி, பங்குனியில் ஒரு மழை பெய்ய வேண்டும். பெய்து எட்டு, பத்து நாளில் தோட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் வெள்ளை வெளேரென்று பூக்கும். இரண்டு, மூன்று நாளில் பழுத்து உதிர்ந்துவிடும். மணம் இருக்கும்போது பூவைப் பறித்தால் காய் பிடிப்பது கெடும், எந்தத் தோட்டக்காரரும் சம்மதிக்க மாட்டார். உதிர்ந்ததைப் பொறுக்கினால் மணம் போயிருக்கும். ஆகவே, அந்த மூன்று நாளில் தோட்டத்துக்குள் நின்று முகர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டு வந்து, கையிலிருக்கும் எண்ணெய்களால் அந்த மணத்தைக் கட்ட வேண்டும். என் கலவையில் குண்டுமல்லிச் சாரம், ஆரஞ்சுப் பூ எண்ணெய், அடியில் கொஞ்சம் வெட்டிவேர், வறுத்த காப்பியின் சாரம் ஒரு சிட்டிகை. காப்பிப் பூவின் மணம் மல்லிகைக்கும் ஆரஞ்சுப் பூவுக்கும் நடுவில் நிற்பது. வெட்டிவேர் மழை நனைத்த மண்ணுக்காக.

உலகம் முழுவதும் வாசனைத் திரவியம் செய்கிறவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். லில்லியிலும் லைலக் என்ற குளிர்நாட்டுப் பூவிலும் தொழிலுக்கு உதவுகிற அளவில் எண்ணெய் எடுக்க முடியாது. அந்தப் பெயர்களில் விற்பவை கலைஞர்கள் கட்டிய மணங்கள். தவறு எங்கே வருகிறது என்றால், 'காப்பிப் பூவைத் தழுவிய மணம்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நூறு சதவீதம் காப்பிப் பூ எண்ணெய்' என்று அச்சடிக்கும்போது. என்னிடம் யோசனை கேட்க வருகிறவர்களில் பலர் இந்த இரண்டாவது வாசகத்தைத்தான் விரும்புகிறார்கள். "அப்படிப் போட்டால்தான் விற்கும்" என்கிறார்கள். முதல் குப்பி விற்கும். வாங்கியவர் ஏற்காட்டில் தோட்டம் உள்ளவராக இருந்துவிட்டால் இரண்டாவது குப்பி விற்காது.

செண்பகம், தாழம்பூ, மகிழம்பூ, மனோரஞ்சிதம்?

செண்பகச் சாரம் கிடைக்கும், விலை கடுமை. தாழம்பூ எண்ணெய்க்கு ஒடிசாவின் கஞ்சம் மாவட்டம்தான் தாயகம். மகிழம்பூ காய்ந்தும் மணக்கிற அபூர்வம், துணிப் பையில் கட்டி அலமாரியில் வைக்கும் பொருளாக அப்படியே விற்கலாம், எந்த எந்திரமும் வேண்டாம். மனோரஞ்சிதத்தைக் கலவையால்தான் கட்ட வேண்டும். வாழைப்பழமும் பலாச்சுளையும் கலந்த அந்த மணத்தைச் செடி எண்ணெய்களால் மட்டும் பிடிப்பது கஷ்டம்.

ஏற்காட்டுக்கே உரிய எண்ணெய் எதுவும் இல்லையா?

ஜெரேனியத்தைச் சொல்லலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் மூலம் இந்தச் செடி இந்தியாவுக்குள் முதலில் வந்து இறங்கிய இடம் ஏற்காடு. இப்போது நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கமும்தான் பெயர் பெற்றிருக்கிறது. மணம் பூவில் இல்லை, இலையில். நீராவியில் வடிக்கலாம், டன் இலைக்கு ஒரு கிலோ அளவில் எண்ணெய். ரோஜாவுக்கு நெருங்கிய வாடை என்பதால், ரோஜா எண்ணெயை வாங்க முடியாத சிறு தொழில்காரருக்கு இதுதான் கை கொடுக்கிறது. மலையில் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்கள் காப்பிப் பூவைப் பார்த்து ஏங்குவதை விட்டு இதை யோசிக்கலாம்.

கடைசி வரை நிற்கும் அடிமணத்துக்குச் சந்தனம் போடலாம் அல்லவா? மலையில்தான் மரம் இருக்கிறதே.

மலையில் இருக்கிறது, அதனால்தான் எச்சரிக்கை தேவை. சொந்த நிலத்தில் நின்றாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்டவோ எடுத்துச் செல்லவோ கூடாது. யாராவது "தோட்டத்து மரம், தூளாக இருக்கிறது" என்று பொட்டலம் நீட்டினால் வாங்காதீர்கள். எண்ணெயாக, பில்லோடு, உரிமம் பெற்றவரிடம் வாங்குங்கள். கலப்படம் மிகுந்த சரக்கு அது என்பதையும் மறக்க வேண்டாம். சந்தனம் இல்லாமலேயே வெட்டிவேர், கோரைக்கிழங்கு, பச்சோலி என்ற மணமுள்ள இலை ஆகியவற்றை வைத்து நல்ல அடிமணம் அமைக்கலாம். நான் பெரும்பாலும் வெட்டிவேரோடு நின்றுவிடுகிறேன்.

ஸ்பிரிட்டில் (எரிசாராயத்தில்) செய்வதா, எண்ணெயில் செய்வதா?

தொடக்கத்தில் எண்ணெய். தமிழ்நாட்டில் எரிசாராயம் வாங்கவும் வைத்திருக்கவும் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் வேண்டும். 2024இல் சட்டத்தின் தண்டனைகள் இன்னும் கடுமையாக்கப்பட்டன. பெயிண்ட் கடையில் விற்கும் ஸ்பிரிட்டில் மெத்தனால் என்ற நஞ்சு இருக்கலாம், தோலில் படும் பொருளில் அதற்கு இடமே இல்லை.

எண்ணெய்க் கலவைக்கு ஜோஜோபா என்ற செடியின் விதை எண்ணெய் நல்லது. இறுகாதபடி பிரித்தெடுத்த தேங்காய் எண்ணெய் மலிவு. நல்லெண்ணெய், கடலை எண்ணெய் வேண்டாம், அவற்றின் வாடையே முன்னால் நிற்கும். எண்ணெய்க் குப்பி ஸ்பிரிட் குப்பிபோல அறை முழுவதும் வீசாது, அருகில் வருகிறவருக்கு மட்டும் தெரியும். வாங்குகிறவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், "வாசனையே இல்லை" என்ற புகார் பாதி குறையும்.

என்னென்ன உரிமம் வேண்டும்?

உடம்பில் பூசுவதோ தெளிப்பதோ எதுவானாலும் சட்டப்படி அழகுசாதனப் பொருள். 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும் 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளும் பொருந்தும். தயாரிப்பு உரிமத்தை மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கொடுக்கிறது. அதற்குத் தனி இடமும் தகுதியுள்ள ஆளும் காட்ட வேண்டும். அது இப்போதைக்கு முடியாது என்றால், உரிமம் உள்ள ஆலையில் உங்கள் சூத்திரப்படி செய்துகொள்ளும் 'கடன் உரிமம்' என்ற வழி இருக்கிறது. "கைத்தொழில்தானே, யார் கேட்கப் போகிறார்கள்" என்று வீட்டில் செய்து விற்பவர்கள் நிறைய. கேட்கிறவர்கள் வரும்போது சரக்கு முழுவதும் போகும்.

துணிப்பை வாசனை, அறை வாசனை போன்றவை உடம்பில் படாதவை. அவற்றுக்கு இந்த உரிமம் தேவையில்லை. முதல் வருடம் அவற்றிலேயே கை பழகிக்கொள்ளச் சொல்வேன். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். வாசனைத் திரவியத்துக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், மாநிலத்துக்குள் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் விற்பனை வரை பதிவு கட்டாயமில்லை, வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் தொகை எவ்வளவானாலும் பதிவு வேண்டும். அட்டையில் தயாரிப்பாளர் முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதம், பயன்படுத்த வேண்டிய காலம், தொகுதி எண், உரிம எண், அதிகபட்ச விலை ஆகியவை இருக்க வேண்டும். 'தலைவலி தீரும்', 'மன அழுத்தம் போகும்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் அது மருந்துக் கணக்கில் போய்விடும்.

விலையை எப்படி வைப்பது? சந்தையில் 150 ரூபாய்க்கே 'சுத்த மல்லிகை அத்தர்' கிடைக்கிறதே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மல்லிகைச் சாரம் கிலோ மூன்று லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராம் 300 ரூபாய். பத்து மில்லி குப்பியில் பத்தில் ஒரு பங்கு வாசனைப் பொருள் என்றால் ஏறக்குறைய ஒரு கிராம். அந்த ஒரு கிராமும் மல்லிகையாகவே இருந்தால் உள்ளிருக்கும் சரக்கு மட்டுமே 300 ரூபாய். குப்பி, அட்டை, பெட்டி, வரி, கூலி எல்லாம் அதற்கு மேல். பத்து மில்லியை 150 ரூபாய்க்கு விற்கிறவர் தருமம் செய்யவில்லை, செயற்கை வாசனையை விற்கிறார். செயற்கை வாசனை பாவமில்லை. அதைச் 'சுத்த மல்லிகை' என்பதுதான் எனக்குப் பிடிக்காதது.

நான் ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்குதான் மல்லிகை வைக்கிறேன். மீதி ஜெரேனியம், ஆரஞ்சு, வெட்டிவேர் போன்றவை. அடக்கம் கட்டுக்குள் வரும், மணமும் தனியாக ஒரு குணத்தோடு நிற்கும். சொட்டுக் கணக்கில் கலக்காதீர்கள். ஒவ்வோர் எண்ணெயின் சொட்டும் வெவ்வேறு எடை. நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் தராசு ஒன்றுதான் தொடக்கத்தில் நான் கட்டாயப்படுத்தும் முதலீடு.

இயற்கை என்றால் ஒவ்வாமை வராதுதானே?

வரும். மல்லிகை, ஜெரேனியம், கிராம்பு எதுவானாலும் சிலருக்குத் தோல் சிவக்கும். எலுமிச்சை போன்றவற்றின் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருத்துப் புண்ணாகவும் கூடும். முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்க்கச் சொல்லுங்கள்.

சேலம் வெயிலில் சரக்கு கெடாதா? தபாலில் அனுப்பலாமா?

பழுப்புக் கண்ணாடிக் குப்பி, இருட்டு அலமாரி, முடிந்தால் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டு. சித்திரையில் ஊர் 40 டிகிரியைத் தொடும்போது கூரியர் வண்டிக்குள் எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தேன்மெழுகு கலந்த திட வாசனைக்கு வழக்கமாக ஒரு பங்கு மெழுகுக்கு மூன்று, நான்கு பங்கு எண்ணெய். கோடையில் இரண்டரைப் பங்கோடு நிறுத்தினால் டப்பாவுக்குள் குழையாமல் போய்ச் சேரும். ஸ்பிரிட் கலந்தது தீப்பற்றும் பொருள், விமானத்தில் போகும் தபாலில் அனுமதி இல்லை. எண்ணெய் பக்கம் நிற்க இதுவும் ஒரு காரணம்.

ஏற்காட்டில் கடை போட்டால் ஓடுமா?

மே மாதக் கோடை விழாவிலும் மலர்க் கண்காட்சியிலும் ஓடும். மழைக்காலத்தில் ஈ ஓட்ட வேண்டியிருக்கும். நிரந்தரக் கடைக்கு வாடகை கொடுப்பதைவிட, காப்பியும் மிளகும் விற்கும் கடைகளில் ஒரு தட்டு கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவர்கள் ஏதாவது வாங்கித்தான் இறங்குவார்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த கதையை ஒரு சீட்டில் அச்சடித்துக் குப்பியோடு வைத்தேன். மணத்தைவிட அந்தச் சீட்டைப் பற்றி விசாரிக்கிறவர்கள் அதிகம்.

முறையாகக் கற்றுக்கொள்ள எங்கே போவது?

கன்னோஜில் 1991இல் மத்திய அரசு தொடங்கிய வாசனை மற்றும் சுவை மேம்பாட்டு மையம் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. இந்தியும் ஆங்கிலமும் கொஞ்சம் வேண்டும். கடன், மானியம் பற்றிச் சேலம் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். மூக்குக்கான பயிற்சியை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை: தினமும் ஒரே ஓர் எண்ணெயைப் பட்டையில் விட்டு, காலை, மதியம், இரவு முகர்ந்து, தோன்றியதைத் தமிழில் எழுதி வையுங்கள்.

கோயிலில் சாத்திக் கழித்த பூவை வாங்கிச் செய்யலாமா? இலவசமாகவே தருகிறார்களே.

ஊதுபத்திக்கும் உரத்துக்கும் ஆகும், வாசனைத் திரவியத்துக்கு ஆகாது. மணம் இறங்கிய பூ, அதோடு குங்குமமும் எண்ணெயும் நாரும் கலந்திருக்கும். ஊதுபத்தி செய்வதாக இருந்தால் அரளியை முதலில் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியை நிழலில் உலர்த்துங்கள்.